கைகண்ட வைத்தியம் தோற்ற இடம்: உகாண்டாவில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வின் வழியே சில பாடங்கள்

"இது கைகண்ட மருந்து" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம்மில் பலர் அதற்குமேல் கேள்வி கேட்பதில்லை. கண்ணால் கண்டதைவிடப் பெரிய சான்று என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மறுபக்கம், "ஆப்பிரிக்காவில் மருத்துவ ஆய்வு நடக்கிறது" என்று ஒரு செய்தி வந்தால், "ஏழைகளைப் பரிசோதனை எலிகளாக்குகிறார்கள்" என்று உடனே முடிவு கட்டுகிறோம். முதலாவதில் ஐயமே இல்லை, இரண்டாவதில் ஐயம் மட்டுமே இருக்கிறது. மருத்துவ ஆய்வு எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாததால்தான் இரண்டும் வருகின்றன என்பது என் எண்ணம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் உகாண்டாவில், 2009 முதல் 2011 வரை நடந்த ஓர் ஆய்வை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். அதன் பெயர் ஃபீஸ்ட். ஆங்கிலத்தில் 'விருந்து' என்று பொருள்படும் சொல். பல சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து இப்படிப் பெயர் வைப்பது ஆய்வாளர்களின் வழக்கம். உயிருக்குப் போராடும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பெயர் எப்படித்தான் பொருந்தியதோ! பெயரை விட்டுவிடுவோம்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். மருத்துவத்தில் அந்தக் காக்கை ஓயாமல் உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. சாதாரணச் சளிக் காய்ச்சல் எந்த மருந்தும் இல்லாமலே சில நாட்களில் போய்விடும். மூன்றாம் நாள் கஷாயம் குடித்தவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டால், பெயர் கஷாயத்துக்குப் போகிறது. மாத்திரை போட்டிருந்தால் மாத்திரைக்குப் போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து சாப்பிட்டுப் பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். அதே மருந்தைச் சாப்பிட்டு இறந்தவர் சொல்ல வரமாட்டார். ஆகவே நம் காதுக்கு எட்டும் கதைகளில் ஒரு பக்கம் எப்போதும் குறைகிறது.

மருந்து கொடுத்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் வேண்டும். ஒரே மனிதரிடம் இரண்டையும் பார்க்க வழியில்லை. அதனால்தான் இரண்டு குழுக்கள் தேவைப்படுகின்றன. புதிய சிகிச்சையைப் பெறாமல், வழக்கமான சிகிச்சையை மட்டும் பெறும் குழுவுக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். 'கட்டுப்பாடு' என்றதும் பத்தியமோ தடையோ என்று நினைக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குழு, அவ்வளவுதான்.

மடையோர வயல்

இரண்டு குழுக்களைப் பிரிப்பது யார்? சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு விவசாயி புதிய உரம் ஒன்றைச் சோதிக்க விரும்புகிறார். விலை கொடுத்து வாங்கிய உரத்தை உவர் நிலத்தில் போட யாருக்கு மனம் வரும்? வாய்க்கால் மடைக்குப் பக்கத்தில், வண்டல் படிந்த வயலில் போடுகிறார். விளைச்சல் அள்ளிக் கொடுக்கிறது. விளைய வைத்தது உரமா, மடையோர மண்ணா? அவரால் சொல்ல முடியாது. அவர் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் வயலைத் தேர்ந்தெடுத்தபோதே விடையையும் பாதி தேர்ந்தெடுத்துவிட்டார்.

மருத்துவரும் இதையேதான் செய்வார். பிழைக்க வாய்ப்புள்ளவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றலாம். கைவிட்ட நிலையில் இருப்பவருக்குக் கடைசி முயற்சியாகக் கொடுப்போம் என்றும் தோன்றலாம். முதல் வழியில் மருந்துக்கு இல்லாத புகழ் கிடைக்கும், இரண்டாவதில் செய்யாத பழி வந்து சேரும். தேர்வில் இப்படி நுழையும் சாய்வைச் சார்பு என்கிறார்கள்.

இந்தச் சாய்வுக்குத் தீர்வு: தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை மனிதரிடமிருந்து பிடுங்கி, சீட்டுக் குலுக்கலிடம் கொடுத்துவிடுவது. இதைச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பார்கள். குலுக்கலுக்கு நோயாளி ஏழையா பணக்காரரா, தேறுவாரா மாட்டாரா என்பதெல்லாம் தெரியாது. போதுமான பேரைக் குலுக்கினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். நமக்குத் தெரிந்த வேறுபாடுகள் மட்டுமல்ல, தெரியாத வேறுபாடுகளும் சமமாகப் பரவிவிடும். இந்த யோசனையை 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வளர்த்தெடுத்தார். ஆகவே வயல் உவமை நான் இட்டுக்கட்டியதல்ல. உண்மையிலேயே வயலில் பிறந்த முறைதான் இது.

இதுவரை சொன்னது: ஒப்பிட ஒரு குழு வேண்டும். அந்தக் குழுவைப் பிரிக்கும் வேலையில் மனிதக் கை படக்கூடாது.

வார்டுக்குள் இருந்த கேள்வி

இனி உகாண்டா. கடுமையான மலேரியாவோ வேறு தொற்றோ தாக்கிய குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், சில நேரம் நினைவும் இல்லை. கை கால்கள் சில்லிட்டிருக்கின்றன, நாடி வேகமாகவும் மெலிந்தும் துடிக்கிறது. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடத்துக்கு இரத்தம் திரும்பி வர மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது. உடலின் உறுப்புகளுக்குப் போதுமான இரத்தம் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளங்கள் இவை. இந்த நிலையை மருத்துவர்கள் ஷாக் என்கிறார்கள். மின்சாரம் தாக்குவதற்கோ துக்கச் செய்தி கேட்டு உறைந்துபோவதற்கோ இதனோடு தொடர்பில்லை.

வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் குழாயில் வேகம் இருக்காது. தொட்டியை நிரப்பினால் வேகம் வந்துவிடும். ஷாக்குக்கான சிகிச்சையின் தர்க்கமும் இதேதான். இரத்தக் குழாய்க்குள் உப்புநீரை, அதாவது சலைனை, வேகமாக ஏற்று. அழுத்தம் கூடும், இரத்தம் ஓடும். இப்படிக் குறுகிய நேரத்தில் பெரிய அளவை ஏற்றுவதை விரைவு ஏற்றம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பணக்கார நாடுகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் இது வேதவாக்கு. ஆப்பிரிக்காவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் அப்படி இல்லை. அங்கே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஷாக் முற்றிய நிலையில் மட்டுமே இதைச் செய்யச் சொன்னது. மற்றக் குழந்தைகளுக்கு மெல்ல ஏறும் சாதாரண ட்ரிப்தான்.

அப்படியானால் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குத் தரமான சிகிச்சை மறுக்கப்படுகிறதா? நியாயமான கேள்வி. கென்யாவின் கிலிஃபியில் நெடுங்காலம் பணியாற்றிவந்த குழந்தை மருத்துவர் கேத்ரின் மெய்ட்லாண்டின் தலைமையில் ஒரு குழு இதைச் சோதிக்க முன்வந்தது. ஆய்வு நடந்த மருத்துவமனைகள் ஆறு. அவற்றில் நான்கு உகாண்டாவில்: தலைநகர் கம்பாலாவின் முலாகோ, கிழக்கில் எம்பாலேயும் சோரோட்டியும், வடக்கில் குலுவை அடுத்த லாச்சோர். கென்யாவிலும் தான்சானியாவிலும் ஒவ்வொன்று. எதிலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வசதி கிடையாது.

குழந்தைகள் மூன்று குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழுவுக்குச் சலைன் விரைவு ஏற்றம். இன்னொன்றுக்கு, இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்ற புரதம் கலந்த திரவத்தில் விரைவு ஏற்றம். மூன்றாவது, கட்டுப்பாட்டுக் குழு: விரைவு ஏற்றம் இல்லை, மெல்ல ஏறும் ட்ரிப் மட்டும். ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, ஆக்சிஜன், தேவைப்பட்டால் இரத்தம் ஆகியவை மூன்று குழுக்களுக்கும் ஒன்றுபோலக் கிடைத்தன. எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பது வரிசை எண் இட்டு ஒட்டப்பட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரியாத உறைக்குள் இருந்தது. உறையை வரிசைப்படிதான் திறக்க வேண்டும். 'இந்தக் குழந்தை பாவம், அதற்கு அந்த உறை' என்று இரக்கப்பட்டு மாற்ற இடமில்லை.

எவ்வளவு திரவம் என்று கேட்கலாம். முதலில் ஒரு கிலோ எடைக்கு 20 மில்லி, பிறகு 2010இல் 40 மில்லியாகக் கூட்டினார்கள். பத்துக் கிலோ குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 800 மில்லிதான். அதில் பாதி அளவு திரவம் உள்ளே போகிறது என்றால் அது சிறிய தலையீடு அல்ல.

உறைகளைத் திறந்த பிறகு

திட்டமிட்டது 3,600 குழந்தைகள். 2011 ஜனவரியில், 3,141 பேர் சேர்ந்திருந்தபோது ஆய்வு நிறுத்தப்பட்டது.

48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: அல்புமின் குழுவில் நூற்றுக்கு 10.6, சலைன் குழுவில் 10.5, விரைவு ஏற்றம் பெறாத குழுவில் 7.3. உயிர் காக்கும் என்று உலகம் நம்பிய சிகிச்சை, நூறு குழந்தைகளுக்கு மூன்று பேரைக் கூடுதலாகப் பலி வாங்கியிருந்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோதும் இந்த இடைவெளி மூடவில்லை. மலேரியா இருந்தவர்கள், இல்லாதவர்கள், இரத்தசோகை இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும், விரைவு ஏற்றத்தால் நன்மை பெற்ற ஒரு பிரிவு கூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு தகவல் என்னை அதிகம் உலுக்கியது. ஒரு மணி நேரம் கழித்துப் பரிசோதித்தபோது, விரைவு ஏற்றம் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 43 பேருக்கு ஷாக்கின் அறிகுறிகள் விலகியிருந்தன. பெறாதவர்களில் 32 பேருக்குத்தான் விலகியிருந்தன. அதாவது கட்டிலருகே நின்று பார்த்தவர் கண்ணுக்குச் சிகிச்சை வேலை செய்தது. கை வெதுவெதுப்பானது, நாடி திடமானது. அந்த மருத்துவரைக் கேட்டிருந்தால் 'கைகண்டது' என்றுதான் சொல்லியிருப்பார். அவர் கண்டது உண்மை. ஆனால் அதற்குப் பின் நடந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. சில மணி நேரம் கழித்து அந்தக் குழந்தை இறந்தால், 'நோய் முற்றிவிட்டது, எங்களால் முடிந்ததைச் செய்தோம்' என்றுதான் அவரும் நினைப்பார், தாயும் நினைப்பாள். நூறில் ஏழு சாவுக்கும் பத்துச் சாவுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வார்டில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது. எண்ணிக் கணக்கு வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

குழந்தைகள் ஏன் இறந்தார்கள்? நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கும், மூளை வீங்கியிருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பதிவுகளைப் பார்த்தபோது, கூடுதல் சாவுகளில் பெரும்பாலானவை இதயமும் இரத்த ஓட்டமும் சரிந்ததால் வந்தவை. திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்ததும், சலைனில் உள்ள குளோரைடு இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டியதும் தீங்கில் பங்கெடுத்தன என்று பின்னர் நடந்த பகுப்பாய்வுகள் காட்டின. தொட்டி உவமை இங்கே உடைகிறது: உடல் வெறும் தொட்டியும் குழாயும் அல்ல.

ஓர் எச்சரிக்கை. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கு நீர்ச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் உயிர்காப்பு. தீக்காயம், அறுவைச் சிகிச்சை, கடும் ஊட்டக்குறைவு ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. 'ட்ரிப் ஏற்றினால் ஆபத்தாம்' என்று இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுருக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதுவரை சொன்னது: அறிகுறி தேறுவது வேறு, உயிர் பிழைப்பது வேறு. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதன் வேறுபாட்டைக் கணக்குத்தான் காட்டும்.

ஏன் மூவாயிரம் பேர்?

நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் யாரும் திகைக்கமாட்டார்கள். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால் நாணயத்தின் மேல் சந்தேகம் வரும். விகிதம் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். கிலிஃபியில் அதே மெய்ட்லாண்ட் குழு முன்பு செய்து 2005இல் வெளியிட்ட சிறிய ஆய்வே இருக்கிறது. கடும் மலேரியா வந்த குழந்தைகளில் அல்புமின் பெற்ற 56 பேரில் 2 பேர் இறந்தார்கள், சலைன் பெற்ற 61 பேரில் 11 பேர். பார்த்த மாத்திரத்தில் அல்புமின் அமுதம் என்றுதான் தோன்றும். மூவாயிரம் பேரை எடுத்த ஃபீஸ்டில் அந்த வேறுபாடு 10.6க்கும் 10.5க்கும் நடுவில் கரைந்துபோனது. குழு தன் சிறிய ஆய்வின் வெற்றியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன் முடிவையே பெரிய சோதனைக்கு உட்படுத்தியது. இந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

ஃபீஸ்டின் முடிவு மட்டும் தற்செயலாக இருக்க முடியாதா? கணக்கிட்டார்கள். உண்மையில் வேறுபாடே இல்லாமல், வெறும் குலுக்கல் விளையாட்டால் இவ்வளவு பெரிய இடைவெளி வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. இந்த வகைக் கணக்கைப் புள்ளியியல் முக்கியத்துவச் சோதனை என்பார்கள். 'முக்கியத்துவம்' என்றால் பெரிய செய்தி என்று பொருளல்ல. தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது கடினம் என்று மட்டுமே பொருள்.

எலிகளா?

இனி அந்தக் குற்றச்சாட்டு. அது காற்றில் முளைத்ததல்ல. 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளை உறைக் காய்ச்சல் பரவியபோது, ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்தது. பெற்றோருக்கு முறையாகச் சொல்லி ஒப்புதல் வாங்கப்பட்டதா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்து இழப்பீட்டில் முடிந்தது. ஆப்பிரிக்கத் தாய்மார்களின் ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே எந்த ஆய்வையும் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாம். முதலாவது, கேள்வி யாருடையது? ஃபீஸ்டின் கேள்வி அந்த மண்ணின் கேள்வி. மலேரியாவும் இரத்தசோகையும் சேர்ந்து வரும், செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத வார்டில் என்ன செய்வது என்பதற்கு லண்டனில் ஆய்வு செய்து விடை காண முடியாது. இரண்டாவது, யாருக்காவது நிச்சயமாக நல்லது என்று தெரிந்த சிகிச்சை மறுக்கப்பட்டதா? இல்லை. கட்டுப்பாட்டுக் குழு பெற்றது அந்த நாட்டின் வழக்கமான சிகிச்சையை. எது நல்லது என்பது நேர்மையாகவே தெரியாத நிலையில்தான் குலுக்கல் அறமாகும். தெரிந்த பிறகு குலுக்கினால் குற்றம்.

மூன்றாவது, ஒப்புதல். ஆய்வைப் பற்றி முழுவதும் புரிந்துகொண்டு, விருப்பத்தோடு சம்மதிப்பதை அறிந்து தரும் ஒப்புதல் என்கிறோம். ஆனால் மூச்சு முட்டும் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் நான்கு பக்கப் படிவத்தை நீட்டிப் படித்துக் கையெழுத்துப் போடு என்பது அறமா? உகாண்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: சோரோட்டியில் அட்டெசோ, குலுவில் அச்சோலி, கம்பாலாவில் லுகாண்டா என்று ஊருக்கொரு மொழி. அவசர நிலையில் முதலில் சுருக்கமாகச் சொல்லி வாய்மொழிச் சம்மதம், குழந்தையின் நிலை சீரானபின் முழு விளக்கமும் எழுத்து ஒப்புதலும் என்று இரண்டு கட்டமாகச் செய்தார்கள். மேக்கரேரே பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு உட்பட மூன்று நாடுகளிலும், ஆய்வுக்குப் பொறுப்பேற்ற லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் திட்டத்துக்கு அனுமதி பெறப்பட்டிருந்தது. இரண்டு கட்ட ஏற்பாடு குறையற்றது என்று நான் வாதிடமாட்டேன். இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவுமில்லை.

நான்காவது, நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? ஆய்வு நடக்கும்போதே ஒரு தனிக் குழு இடையிடையே கணக்கைத் திறந்து பார்க்கும். இது தரவுக் கண்காணிப்புக் குழு. வார்டில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு மொத்தக் கணக்கு தெரியாது, இவர்களுக்கு மட்டும் தெரியும். ஃபீஸ்டை நிறுத்தப் பரிந்துரைத்தது இந்தக் குழுதான்.

சென்னையிலிருந்து ஒரு கிளைக்கதை

ஏழை நாட்டில் செய்த ஆய்வு உலகத்துக்கே பயன்பட்டதற்கு நம் ஊரே சாட்சி. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும் மறுபகுதியினரை வீட்டில் இருக்கவிட்டும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நல்ல காற்றும் படுக்கை ஓய்வும் கொழுத்த உணவும் இல்லாமல் காசநோய் தீராது என்பது அன்றைய கைகண்ட உண்மை. நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள்.

அந்த மையத்தின் தொடக்க காலத்தில் பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ், பின்னர் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளிலும் முக்கியப் பங்கு வகித்தார். ஒன்றரை ஆண்டு நீண்ட காசநோய் மருந்தை ஆறு மாதமாகக் குறைக்க முடியும் என்று 1972இல் வெளியான முடிவுகள் அங்கிருந்து வந்தவை. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை வாங்குபவர், கிழக்கு ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு ஒரு கடன் பட்டிருக்கிறார்.

நீருக்குப் பின் இரத்தம்

ஃபீஸ்டின் முடிவு 2011 மே மாதம் வெளியானதும் எல்லாரும் தலைவணங்கவில்லை. 'அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது உண்மையான ஷாக் இல்லை', 'மலேரியா உள்ள ஊருக்குத்தான் இது', 'தீவிரச் சிகிச்சை வசதி இருந்திருந்தால் கதை வேறு' என்று எதிர்ப்புகள் வந்தன. சிலவற்றில் நியாயமும் இருந்தது. பல ஆண்டு கைப்பழக்கத்தை ஓர் அட்டவணை கலைத்துவிடாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் திரவத்தின் அளவையும் வேகத்தையும் குறைத்தது. தீவிரச் சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், இரத்த அழுத்தம் விழாத குழந்தைக்கு விரைவு ஏற்றம் வேண்டாம் என்று, குழந்தைகளின் கடும் தொற்றுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல் 2020இல் எழுதியது. ஒன்பது ஆண்டுகள் ஆயிற்று.

இதற்கிடையே முலாகோவும் எம்பாலேயும் சோரோட்டியும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டன. கடும் இரத்தசோகையோடு வரும் குழந்தைக்கு எப்போது, எவ்வளவு இரத்தம் ஏற்றுவது? மலாவியும் சேர்ந்துகொள்ள, 3,196 குழந்தைகளிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2019இல் வந்தன. ஹீமோகுளோபின் 4க்கும் 6க்கும் இடையில் இருந்து, வேறு ஆபத்து அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு உடனே இரத்தம் ஏற்றியதால் உயிர்ப்பலி குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. கவனமாகக் காத்திருந்து, தேவைப்பட்டால் ஏற்றலாம். இரத்தப் பைகளுக்குப் பஞ்சமுள்ள நாட்டில் இது சிறிய செய்தி அல்ல.

எவ்வளவு என்பதற்கான விடை இன்னும் விசித்திரமானது. கிலோவுக்கு 20 மில்லியா, 30 மில்லியா என்று ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. காய்ச்சல் இல்லாத குழந்தைகளைத் தனியாகப் பார்த்தால் கூடுதல் அளவு நன்மை செய்திருந்தது. காய்ச்சலோடு வந்தவர்களுக்கு அதே கூடுதல் அளவு தீமையாக முடிந்தது. எந்த வார்டிலும் கிடைக்கும் மலிவான தெர்மாமீட்டர்தான் இப்போது அந்தக் குழந்தைக்கு எத்தனை மில்லி என்பதைச் சொல்கிறது.